அறிதுயில்: ஹிப்னாடிசத்தால் மனதுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி?

ஒரு மோதிரத்தை ஒரு சாண் நீள நூலில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் வட்டம் வரைந்து, அதற்குள் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு போடுங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, நூலின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் மேலே மோதிரம் தொங்கும்படி வையுங்கள். கையை அசைக்கக் கூடாது. மோதிரம் முன்னும் பின்னுமாக ஆடுவதாக மனதில் நினைத்தால் மட்டும் போதும்.

அரை நிமிடத்தில் மோதிரம் மெல்ல ஆடத் தொடங்கும். இப்போது இடம் வலமாக ஆடுவதாக நினையுங்கள். கொஞ்சம் தடுமாறிவிட்டுத் திசையை மாற்றிக்கொள்ளும். வட்டமாகச் சுற்றுவதாக நினைத்தால் சுற்றும். எல்லோருக்கும் நடக்காது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நடக்கும். முதன்முறை செய்து பார்த்தபோது, நூலை நானே ஆட்டவில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

ஆட்டியது என் கைதான். மிஷெல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து 1833இல் எழுதினார். ஒரு அசைவை மனதில் நினைத்தாலே, நமக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகத் தசைகள் அதைச் செய்துவிடுகின்றன. நூல் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்தால் ஆட்டம் குறைந்துபோகிறது என்பதையும் அவர் கவனித்தார்.

ஹிப்னாடிசத்தின் அடிப்படை இந்த மோதிரத்திலேயே இருக்கிறது. ஒரு எண்ணம் உள்ளே போகிறது. உடம்பு அதற்குப் பதில் சொல்கிறது. பதில் சொன்னது நாம்தான், ஆனால் "தானாக நடந்தது" என்று தோன்றுகிறது. உள்ளே போடும் அந்த எண்ணத்துக்குத் தமிழில் கருத்தேற்றம் என்று பெயர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேச்சில் சஜஷன் என்றே சொல்கிறார்கள். சஜஷனை மனநலச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவதுதான் ஹிப்னோதெரபி.

மனோவசியம் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வசியம் என்றதுமே, வசியம் செய்பவர் ஒருவர், வசப்படுபவர் ஒருவர் என்று ஆகிவிடுகிறது; மந்திரவாதியும் பலியாடும் மாதிரி. இன்னொரு பழைய சொல்லான அறிதுயில் எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் அறிந்துகொண்டே துயில்வது. பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் உறக்கத்துக்கு வைத்த பெயர், ஹிப்னாடிசத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்துகிறது. ஏனென்றால், ஹிப்னாடிச நிலையில் இருப்பவர் உண்மையில் தூங்குவதில்லை. சிகிச்சையாளர் பேசுவது அவருக்குக் கேட்கும். வெளியே வண்டி போகும் சத்தம் கேட்கும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். கவனம் மட்டும் ஒரு புள்ளியில் குவிந்து, சுற்றியிருப்பவை பின்னால் போய்விடுகின்றன. சொல்லப்படும் விஷயத்தை "அப்படியா, உண்மையா?" என்று ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கும் பழக்கம் சற்றே ஓய்வெடுக்கிறது.

சுவாரசியமான நாவலில் மூழ்கியிருப்பவரைக் கூப்பிட்டால் காதில் விழாது. அதற்கு நெருங்கிய உறவு இது. இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. நாவல் படிப்பவரிடம் "உங்கள் கை கல்லாகிவிட்டது" என்றால் சிரிப்பார். அறிதுயிலில் ஆழ்ந்து போகக்கூடியவரிடம் சொன்னால், கையைத் தூக்க முயன்று திகைப்பார்.

ஹிப்னாடிசம் என்ற பெயரை நிலைநிறுத்தியவரே அந்தப் பெயரால் தவித்த கதை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் பாரிசுக்குப் போக வேண்டும்.

மரத்தைக் கட்டிப்பிடித்து மயங்கிய சிறுவன்

ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர் 1778இல் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்தார். உயிர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், சீராக்கினால் குணம் என்பது அவருடைய கொள்கை. பெரிய மரத்தொட்டி ஒன்றைச் சுற்றி நோயாளிகளை உட்காரவைத்து, தொட்டியிலிருந்து நீண்டிருக்கும் இரும்புக் கம்பிகளை நோயுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார். சிலர் அழுவார்கள், சிலருக்கு வலிப்பு மாதிரி வரும், எழுந்து பார்த்தால் உடம்பு தேவலை என்பார்கள். ஊரே அவர் பின்னால் போனது.

1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். வேதியியலாளர் லவாய்சியே அதில் இருந்தார். அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார். அப்போது அவருக்கு 78 வயது. உடம்பு முடியாததால் பாஸி என்ற இடத்தில் இருந்த அவருடைய வீட்டிலேயே பல சோதனைகள் நடந்தன.

அதில் ஒன்று இது. மெஸ்மரின் சீடரான டெஸ்லோன், ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். காந்தத்துக்கு நன்றாக வசப்படக்கூடியவன் என்று அவரே தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்த 12 வயதுச் சிறுவனின் கண்ணைக் கட்டி, மரம் மரமாக அழைத்துப்போய்க் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது, இருமினான். அடுத்தடுத்த மரங்களில் தலை சுற்றியது. நான்காவது மரத்தில் கை கால் விறைத்து நினைவிழந்து விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அந்த நான்கில் ஒன்று இல்லை. அது தள்ளி நின்றுகொண்டிருந்தது.

டெஸ்லோன் விடவில்லை. திறந்த வெளியில் இருக்கும் எல்லா மரங்களிலும் இயற்கையாகவே காந்தம் உண்டு என்றார். அப்படியென்றால் காந்தத்துக்கு வசப்படும் யாரும் தோட்டத்துப் பக்கமே போக முடியாதே என்று குழு பதில் சொன்னது. காந்தத் திரவம் எதுவும் கிடையாது, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை எழுதினார்கள். விஷயம் முடிந்தது, கோப்பு மூடப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது அந்த முடிவுரைதான். அறிவியலாகப் பார்த்தால் குழு செய்தது அருமையான சோதனை. ஆனால் ஒரு பையன், வெறும் எதிர்பார்ப்பினால், வெறும் மரத்தைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுந்திருக்கிறான். "வெறும் கற்பனை" என்று கடந்து போகிற விஷயமா அது? கற்பனைக்கு இவ்வளவு வலு இருக்கிறதென்றால் அதை வைத்தே வைத்தியம் செய்யலாமே என்று கேட்டிருக்கலாம். டெஸ்லோனே ஏறக்குறைய அப்படித்தான் வாதாடினார். யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு வந்தவர்களில் கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா முக்கியமானவர். 1813 முதல் பாரிசில் கூட்டம் சேர்த்துச் செய்துகாட்டிய அவர், சக்தி செய்பவரிடம் இல்லை, செய்துகொள்பவரின் மனதில்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். 1841இல் மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்டிஷ் அறுவை மருத்துவர், மெஸ்மர் வழியில் வந்த ஒருவரின் மேடை நிகழ்ச்சிக்குப் போனார். ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கத்தான் போனார். மேடையில் இருந்தவரால் கண்ணைத் திறக்க முடியாமல் போனது நடிப்பாகத் தெரியாததால், வீட்டுக்கு வந்து தாமே சோதித்தார். ஒரு நண்பரை ஒயின் பாட்டிலின் கழுத்தையே உற்றுப் பார்க்கச் சொன்னார். மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தின் வேலைப்பாட்டைப் பார்க்கச் சொன்னார். சில நிமிடங்களில் இருவருக்கும் கண் சொருகிவிட்டது. காந்தமும் இல்லை, திரவமும் இல்லை. பார்வை ஒரே இடத்தில் நிலைத்ததே போதுமாக இருந்தது.

உறக்கத்துக்கான கிரேக்கத் தெய்வம் ஹிப்னாஸ். அதை வைத்து 1843இல் வெளியிட்ட நூலில் ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பிரெய்ட் நிலைநிறுத்தினார். சில வருடங்களிலேயே, இது உறக்கமே இல்லை, ஒற்றை எண்ணத்தில் மனம் நிலைப்பதுதான் என்று புரிந்து பெயரை மாற்றப் பார்த்தார். முடியவில்லை. இன்றுவரை "தூங்கவைத்துவிடுவார்களா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர்தான் காரணம். ஃபிராய்டும் தொடக்கத்தில் ஹிப்னாடிசம் செய்து, பிறகு கைவிட்டார் என்பதோடு வரலாற்றை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு சிகிச்சை எப்படி நடக்கும்

லிஃப்டில் ஏறப் பயப்படும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அலுவலகம் பதினோராவது மாடி. தினமும் படியேறுகிறார். உடற்பயிற்சிக்காக என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

முதல் சந்திப்பில் ஹிப்னாடிசமே இருக்காது, இருக்கக் கூடாது. எப்போது தொடங்கியது, வேறு எந்த மூடிய இடத்தில் இப்படி ஆகிறது, தூக்கம் எப்படி, சாப்பிடும் மருந்துகள் என்ன, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, இல்லாத குரல் காதில் கேட்பது போன்ற அனுபவம் உண்டா என்று விசாரிப்பார்கள். பிறகு ஹிப்னாடிசம் பற்றி அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்பார்கள். சினிமாவில் பார்த்ததையெல்லாம் கழற்றிப் போடுவதற்கே கால் மணி நேரம் ஆகும்.

அடுத்த முறை, சாய்ந்து உட்காரும் நாற்காலி. சுவரில் ஒரு புள்ளி. "அந்தப் புள்ளியையே பாருங்க. பார்க்கப் பார்க்கக் கண்ணு களைச்சுப் போகும். எப்போ மூடணும்னு தோணுதோ அப்போ மூடிக்கலாம்." இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். கண் இமைக்காமல் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கண் களைக்கத்தான் செய்யும். சிகிச்சையாளர் சொன்னார், நடந்தது. அடுத்து அவர் சொல்வதற்கு மனம் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுக்கிறது. சஜஷன்கள் இப்படித்தான் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கப்படுகின்றன. இமை கனக்கிறது, தோள் தளர்கிறது, மூச்சு மெதுவாகிறது.

பிறகு ஆழப்படுத்துதல். பத்திலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே மனதில் கீழே இறங்கிப்போவது வழக்கமான முறை. சில சிகிச்சையாளர்கள் இந்தக் கட்டத்துக்கு மனப்பாடமாக வைத்திருக்கும் காட்சி என்ன தெரியுமா? "நீங்கள் ஒரு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள்." நம்முடைய ஆளிடம் இதைச் சொன்னால், அதுவரை கட்டியதெல்லாம் ஒரே நொடியில் சரியும். அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் அச்சடித்த வசனத்தைப் படிக்கமாட்டார். எது இவருக்கு நிம்மதி தரும் காட்சி என்று முன்பே கேட்டு வைத்திருப்பார். இவருக்குப் படிக்கட்டு ஒத்துவரும். பழகிய படிக்கட்டுதானே.

இப்போதுதான் சிகிச்சை தொடங்குகிறது. "லிஃப்ட் கதவு தூரத்துல தெரியுது. பக்கத்துல போக வேணாம், பார்த்தா போதும். பயம் பத்துக்கு அஞ்சைத் தாண்டினா வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்குங்க." விரல் எழுகிறது. உடனே காட்சியை நிறுத்தி, மூச்சுக்குத் திரும்பி, உடம்பைத் தளர்த்தி, மறுபடி கதவு. இந்த முறை பயம் ஐந்தைத் தொடுவதற்குள் கதவுக்கு இரண்டடி கூடுதலாக நெருங்கிவிடுகிறார். பிறகு கதவு திறக்கிறது. உள்ளே கால் வைக்கிறார். கதவு மூடுகிறது. இரண்டு மூன்று சந்திப்புகளில் மனதுக்குள்ளேயே பல தடவை பதினோராவது மாடிக்குப் போய் வந்துவிடுவார்.

முடிப்பதற்கு முன் ஒரு சஜஷனை விட்டுவைப்பார்கள். "கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினா, இப்ப இருக்கிற இந்த மூச்சு, இந்தத் தளர்ச்சி திரும்ப வரும்." அறிதுயில் கலைந்த பிறகும் வேலை செய்யும்படி கொடுப்பது இது. பிறகு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி எழுப்புவார்கள். எழுந்ததும் உடனே அனுப்பிவிடாமல், தலை தெளிந்துவிட்டதா என்று பார்த்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டுப்பாடமும் உண்டு: இந்த வாரம் உண்மையான லிஃப்டில் ஒரே ஒரு மாடி.

இதில் குணப்படுத்தியது எது? பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொண்டு பழகுவது. அது ஹிப்னாடிசத்தின் சொத்து கிடையாது. நடத்தைச் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாக உள்ள முறை. ஹிப்னாடிசம் செய்தது, அந்த எதிர்கொள்ளலைக் கண் முன்னால் நடப்பது போலத் துல்லியமாக்கி, உடம்பின் பதற்றத்தையும் குறைத்துக் கொடுத்தது. ஊசிக்கும் அதற்குள் இருக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான். ஹிப்னாடிசம் ஊசி. உள்ளே என்ன மருந்து ஏற்றப்படுகிறது என்பதைக் கேட்காமல் ஊசியை மட்டும் பார்த்து வியப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

எல்லோருக்கும் பலிக்குமா

பலிக்காது. உயரம் போல, காது கேட்கும் திறன் போல, சஜஷனுக்கு இசையும் தன்மையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959இல் இதற்கு ஒரு அளவுகோலையே வகுத்தார்கள். ஒரு வரிசையாகப் பன்னிரண்டு சஜஷன்கள் கொடுப்பார்கள். நீட்டிய கை கனத்துக் கீழே இறங்குகிறது என்பது மாதிரி சுலபமானவை முதலில். இல்லாத ஈ ஒன்று பறந்து தொல்லை கொடுக்கிறது, விழித்த பிறகு நடந்தது மறந்துபோகும் என்பது மாதிரி கடினமானவையும் உண்டு. எத்தனைக்கு இசைகிறோமோ அத்தனை மதிப்பெண். சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இசைகிறார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர் எதற்குமே அசைவதில்லை. மீதிப் பேர் நடுவில்.

இந்த மதிப்பெண் எளிதில் மாறுவதும் இல்லை. மாணவர்களாக இருந்தபோது சோதிக்கப்பட்டவர்களை 25 வருடங்கள் கழித்துத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வில், பழைய மதிப்பெண்ணும் புதியதும் பெரிதும் ஒத்துப்போயின. அதிகம் இசைபவர்கள் ஏமாளிகள் என்றோ, மனவலிமை குறைந்தவர்கள் என்றோ நினைக்க ஆதாரம் இல்லை. கதையிலோ இசையிலோ சட்டென்று மூழ்கிப்போகிறவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் தோராயமாகத்தான்.

நடிப்பு என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு அழகான பதில் ஒன்று ஆய்வகத்திலிருந்து வந்தது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாம் எல்லோருமே தடுமாறுவோம். படிக்கத் தெரிந்த மூளையால் படிக்காமல் இருக்க முடியாது. அதனால் "பச்சை" என்று சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கும். அமிர் ராஸ் குழுவினர் 2002இல், நன்கு இசைபவர்களிடம், திரையில் வருவது உங்களுக்குத் தெரியாத ஏதோ மொழியின் எழுத்து என்று சஜஷன் கொடுத்தார்கள். தடுமாற்றம் காணாமல் போனது. மில்லிநொடிக் கணக்கில் அளக்கும் இந்த வேகத்தை நடித்துக் கொண்டுவருவது கடினம்.

வலியைப் பற்றிய சோதனை இன்னும் நுட்பமானது. மான்ட்ரியலில் பியர் ரேன்வில் குழுவினர், கையைச் சூடான நீரில் வைத்தவர்களிடம், வலி அதேதான், ஆனால் அது அவ்வளவு தொந்தரவாக இல்லை என்று சஜஷன் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். 1997இல் முடிவு வந்தது. தொடுவலியை உணரும் பகுதி வழக்கம்போலவே வேலை செய்தது. வலியின் துன்பத்தோடு தொடர்புடைய, மூளையின் நடுப்பகுதியில் இருக்கும் முன் சிங்குலேட் பகுதியின் இயக்கம்தான் மாறியது. வலி இருக்கிறது, அது படுத்தும் பாடு குறைகிறது. நாட்பட்ட வலியோடு வாழ்பவரைக் கேட்டுப் பாருங்கள், இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று சொல்வார்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

வலிக்கும், அறுவை சிகிச்சை, பல் சிகிச்சை போன்றவற்றுக்கு முன்னால் வரும் பதற்றத்துக்கும் ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. எதிர்பாராத இன்னொரு இடம் குடல். வயிற்றுவலி, உப்புசம், பேதி என்று படுத்தி எடுக்கும் ஐபிஎஸ் (IBS) என்ற குடல் நோயில், மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு 30 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1984இல் வெளிவந்தது. வேறு எதற்கும் கேட்காத அவர்களில், ஹிப்னோதெரபி பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். ஒரு வருடம் மருந்து சாப்பிட்டும் கேட்காதவர்களுக்கு ஹிப்னோதெரபியையும் யோசிக்கலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டிகள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2008 வழிகாட்டியிலேயே சேர்த்துவிட்டது. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓயாமல் பேச்சுவார்த்தை நடப்பதை நினைத்தால் இது அவ்வளவு ஆச்சரியமும் இல்லை.

மனநலத்தில் பயங்கள், பரீட்சைப் பதற்றம், மேடைக் கூச்சம், தூக்கத்தைக் கெடுக்கும் கவலை ஆகியவை இதன் இயல்பான களம். சிந்தனையையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிபிடி சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தைச் சேர்த்தால் பலன் கூடுகிறதா என்று இர்விங் கிர்ஷ் குழு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995இல் எழுதியது. கூடுகிறது என்பதே முடிவு. பின்னால் வந்த கணக்குகளில் அந்தக் கூடுதல் அவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும் திசை மாறவில்லை.

சிகரெட்டை விட வைப்பதுதான் விளம்பரங்களில் அதிகம் அடிபடுவது. ஒரே அமர்வில் விட்டுவிடலாம் என்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 மறுஆய்வு, மற்ற முறைகளைவிட ஹிப்னோதெரபி கூடுதலாக உதவுகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று முடித்தது. பலித்தவர்கள் இல்லையென்று அர்த்தமில்லை. அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

தீவிர மனச்சோர்வுக்கு இதை மட்டும் நம்புவது ஆபத்து. தற்கொலை எண்ணம் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் மனநல மருத்துவர். மனச்சிதைவு போல நிஜத்தோடு பிடி நழுவும் நோய்கள் இருப்பவர்களுக்குப் பொதுவாகச் செய்யவே மாட்டார்கள். கற்பனைக்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஏற்கனவே மெலிந்திருக்கும்போது அதை மேலும் தளர்த்தும் பயிற்சி எதற்கு? டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் ஹிப்னோதெரபிஸ்ட்டிடமிருந்து செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிடலாம்.

புதைந்த நினைவைத் தோண்டும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மனம் எல்லாவற்றையும் அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறது, ஹிப்னாடிசம் செய்தால் அதை ஓட்டிப் பார்க்கலாம் என்று பலரும் நம்புகிறார்கள். நினைவு அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் துண்டுகளை வைத்துப் புதிதாகக் கட்டுகிறது. அறிதுயிலில் கற்பனை துலக்கமாகிறது. விசாரிக்கும் பழக்கம் ஓய்ந்திருக்கிறது. கட்டியதையும் நடந்ததையும் பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

லாரன்ஸ், பெரி என்ற இருவர் 1983இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். நன்கு இசையக்கூடிய 27 பேரை அறிதுயிலில் ஆழ்த்தி, போன வாரத்தில் ஒரு ராத்திரிக்கு அழைத்துப்போனார்கள். தூக்கத்தில் ஏதோ பலத்த சத்தம் கேட்டு விழித்தீர்கள் என்று சஜஷன் கொடுத்தார்கள். அந்த இரவில் அவர்கள் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. விழித்த பிறகு 13 பேர், அந்தச் சத்தம் உண்மையிலேயே கேட்டது என்றார்கள். அது சஜஷன்தான் என்று எடுத்துச் சொன்ன பிறகும் அசைய மறுத்தவர்கள் உண்டு.

சத்தம் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. சத்தத்துக்குப் பதிலாக, சிறுவயதில் சொந்தக்காரர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார் என்ற நினைவு இப்படி உள்ளே போனால்? 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் அதுவே நடந்தது. மறைந்த நினைவை மீட்கிறோம் என்று ஹிப்னாடிசம் முதலான முறைகளால் தோண்டியெடுத்தவற்றை வைத்துக் குடும்பங்கள் உடைந்தன, வழக்குகள் நடந்தன. ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகள் கூடுதல் துல்லியமானவை அல்ல, புனைவு கலந்திருக்கும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985லேயே எச்சரித்திருந்தது. சிறுவயதுக் கொடுமைகள் நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது மறப்பதே இல்லை. அதைத் தோண்ட மண்வெட்டி தேவைப்படுவதும் இல்லை.

முன்ஜென்மத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். உளவியலாளர் நிக்கலஸ் ஸ்பேனோஸ் இதை ஆராய்ந்தபோது, என்ன எதிர்பார்க்கும்படி முன்கூட்டியே சொல்லப்பட்டதோ அதற்கேற்ற முன்ஜென்மமே ஆட்களுக்கு வந்தது. ஒருவர் தன்னை ஜூலியஸ் சீசர் என்றார். கிபி 50, ரோமின் சக்கரவர்த்தி என்றார். சீசர் கிமு 44இலேயே கொல்லப்பட்டார். சக்கரவர்த்தியாக இருந்ததும் இல்லை. மறுபிறவியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நாற்காலியில் கண் மூடி வந்த கதையை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம்.

யாரிடம் போவது

வாரக் கடைசியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் ஹிப்னோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்வது பல நாடுகளில் நடக்கிறது. ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தக் கற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை, இரண்டு நாளே போதும். கஷ்டம் எங்கே என்றால், ஆழ்ந்த பிறகு அவர் திடீரென்று விம்மி அழத் தொடங்கினால் என்ன செய்வது என்பதில். துறைக்குள் ஒரு பழைய விதி உண்டு: ஹிப்னாடிசம் இல்லாமல் எந்த நோய்க்குச் சிகிச்சை கொடுக்க உனக்குத் தகுதி இல்லையோ, அதற்கு ஹிப்னாடிசத்தோடும் கொடுக்காதே. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஹிப்னாடிசம் தவிர நீங்கள் வேறு என்ன படித்திருக்கிறீர்கள்?" என்பதுதான். மனநல மருத்துவம், மருத்துவ உளவியல் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். எத்தனை சந்திப்பு ஆகும், எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பீர்கள், பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டதும் முகம் சுளிப்பவர் என்றால் அதுவே பதில்.

சிலர் பயத்தோடு கேட்கும் இன்னொன்று: நடுவில் சிகிச்சையாளருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்படியே மாட்டிக்கொள்வோமா? மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். குரல் நின்றுபோனால், என்ன ஆயிற்று என்று கொஞ்ச நேரத்தில் நீங்களே கண்ணைத் திறப்பீர்கள், அல்லது ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவீர்கள். ரகசியங்களைக் கொட்டிவிடுவோமா என்பதற்கும் அதே மாதிரிதான். அறிதுயிலிலும் பொய் சொல்ல முடியும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியும். ஆனால் நீங்கள் நம்பிப்போன ஒருவர் அந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்த முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. சங்கடமாக இருந்தால் கூட ஒருவரை அழைத்துப்போகலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

நல்ல சிகிச்சையாளர்கள் சில சந்திப்புகளிலேயே சுயமாகச் செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, படிக்கட்டில் இறங்கி, ஒரே ஒரு சஜஷனைத் தனக்குத்தானே சொல்லிவிட்டு எண்ணி எழுவது. பத்து நிமிடம் போதும். பலர் அமர்வை ஒலிப்பதிவு செய்து போனில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதை வண்டி ஓட்டும்போது மட்டும் போட்டுக் கேட்காதீர்கள். நம் பதினோராவது மாடிக்காரர் முதல் வாரம் ஒரு மாடி, அடுத்த வாரம் மூன்று என்று ஏறுவார். அவருடைய ஒரு கை எப்போதும் சட்டைப் பைக்குள் இருக்கும். உள்ளே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அழுத்திக்கொண்டிருப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.